துடுப்பைவிடக் குறுகிய ஆறு

2022 ஜூலை 16, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணியளவில், கோழிக்கோடு மாவட்டத்தில் கோடஞ்சேரிக்கு மேலே ஓடும் ஒரு காட்டாற்றின் இடது கரையில், வலது தோள்மூட்டு குழியை விட்டு நழுவிய நிலையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். படகு போய்விட்டது, துடுப்பும் போய்விட்டது, கைபேசி படகுக்குள் இருந்ததால் அதுவும் உடன் போய்விட்டது. என்னோடு வந்த இருவரும் கீழே எங்கோ இருந்தார்கள், ஆனால் எவ்வளவு கீழே என்பதோ நான் எங்கே கரையேறினேன் என்பதோ எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மழை நிற்கவில்லை, காலில் அட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன, தண்ணீர் கண்ணெதிரே நிறம் மாறிக்கொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் எனக்கு வந்தது பயத்தைவிட வெட்கம்தான் என்று சொன்னால் நம்புவது கடினம். அன்று காலையிலிருந்து நான் செய்த ஏழெட்டுத் தவறுகளில் ஒன்றுகூட எனக்குத் தெரியாமல் செய்தது அல்ல என்பது அப்போது வரிசையாக நினைவுக்கு வந்தது. கயாக் எனும் சிறு துடுப்புப் படகு என்றால் நம் ஊரில் பிச்சாவரத்து அலையாத்திக் காடும், அலை இல்லாத உப்பங்கழியும்தான் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வரும். மழைக்காலத்துக் காட்டாற்றில் படகு விடுவதைப் பற்றித் தமிழில் எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஆள் இருக்கவில்லை. அதனால் நடந்ததை, செலவுக் கணக்கு உட்பட, அப்படியே எழுதி வைக்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்பு தயாரிப்பு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். குழாயின் குறுக்களவு சுருங்கினால் நீரின் வேகம் கூடும், வேகம் இரட்டித்தால் நீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதெல்லாம் எனக்கு அன்றாடச் சோறு. 2019 அக்டோபரில் ரிஷிகேஷில் ஐந்து நாள் கயாக் பயிற்சியில் சேர்ந்தேன். பெருந்தொற்று தணிந்ததும் 2021 நவம்பரில் மீண்டும் பத்து நாள் போனேன். கவிழ்ந்த படகை இடுப்பு அசைவாலும் துடுப்பாலும் நிமிர்த்தும் ரோல் எனக்குப் பத்துக்கு எட்டு முறை வந்தது. கங்கையில் ஷிவ்புரியிலிருந்து ரிஷிகேஷ் வரையுள்ள அலைகளைப் பல முறை கடந்திருந்தேன். ஆறுகளின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கும் வழக்கம் உலகமெங்கும் உண்டு. அதில் மூன்றாம் தரத்தை எளிதாகவும் நான்காம் தரத்தைச் சற்றுத் திணறியும் கடப்பவன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்டேன். அந்த எண்தான் என்னைக் கெடுத்தது. ஓர் அருவிப் பாய்ச்சலைக் கடப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தத் தரம் ஓரளவு சொல்லும்; அதில் தவறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. கங்கையில் கவிழ்ந்து, ரோல் வராமல் வெளியேறி நீந்தினால், அலையடித்துக் களைத்துப்போய் அரைக் கிலோமீட்டர் கீழே அகலமான, ஆழமான தேக்கத்தில் சேர்வீர்கள். யாராவது வந்து இழுத்துக்கொள்வார்கள். அதே மூன்றாம் தரத்தைக் குறுகிய காட்டாற்றில் தவறவிட்டால், நீர் சட்டென்று கீழே விழும் அடுத்த படி இருபது மீட்டரில் காத்திருக்கும், நடுவில் தேக்கமே இருக்காது.

மழைக்காலத்தில், ஜூலை ஆகஸ்டில், கங்கையில் ராஃப்டிங்கை நிறுத்திவிடுவார்கள். மலபாரின் ஆறுகளிலோ அந்த மாதங்களில்தான் படகு விடுமளவு தண்ணீர் இருக்கும். கோடஞ்சேரிப் பக்கம் புலிக்கயத்தில் சாலிப்புழையிலும், அருகே இருவஞ்ஞிப்புழையிலும் 2013 முதல் மலபார் ஆற்றுத் திருவிழா என்ற பெயரில் கயாக் போட்டிகள் நடந்து வருகின்றன. வெளிநாட்டு வீரர்கள்கூட வருகிறார்கள். இரண்டின் நீரும் கடைசியில் சாலியாற்றில்தான் சேர்கிறது. புலிக்கயம் என்ற பெயரைக் கேட்டதுமே எனக்குப் பிடித்துப்போனது. நாம் சங்கப் பாட்டில் மட்டும் வாசிக்கும் கயம் அங்கே இன்றும் ஆற்றின் ஆழமான மடுவுக்குப் புழங்கும் சொல். நான் போனது போட்டி நடக்கும் பகுதிக்கு அல்ல. அதற்கும் மேலே மலையிலிருந்து இறங்கும் ஒரு கிளையாற்றுக்கு; அதன் பெயரை எழுதப் போவதில்லை, இதைப் படித்துவிட்டு யாரும் அங்கே போய் நிற்க வேண்டாம். வரைபடத்தில் அளந்தபோது 1.2 கிலோமீட்டரில் 70 மீட்டர் இறங்கியது. ஷிவ்புரியிலிருந்து ரிஷிகேஷ் வரை 16 கிலோமீட்டர் ஓடியும் கங்கை அவ்வளவு இறங்குவதில்லை. அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் ஆச்சரியக்குறிகூடப் போட்டேன். ஆனால் அதன் பொருளை நின்று யோசிக்கவில்லை.

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் பழைய கிரீக் படகு ஒன்றை 70,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். கிரீக் படகு என்பது கங்கையில் நான் ஓட்டிய தட்டையான படகுகளைவிடப் பருமனானது. மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும், உள்ளே காற்று அதிகம் இருப்பதால் அருவியின் அடியில் மூழ்கினாலும் சட்டென்று மேலே வரும். என்னுடையது 265 சென்டிமீட்டர் நீளம், வெறும் எடையே இருபது கிலோவுக்கு மேல். வாங்கிய மகிழ்ச்சியில் ஒன்றைச் செய்யாமல் விட்டேன். இருக்கையின் இருபுறமும் இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் பஞ்சுத் திண்டுகளை என் உடலுக்கு ஏற்ப வெட்டி ஒட்டவில்லை. முந்தைய உரிமையாளர் என்னைவிடப் பெரிய உடம்புக்காரர். படகு உடம்போடு ஒட்டாமல் தளர்ந்திருந்தால் இடுப்பைத் திருப்பினாலும் படகு திரும்பாது, அப்போது கை அந்த வேலையைச் செய்யப் போகும். எனக்கு அன்று நடந்தது துல்லியமாக அதுதான். படகு வாங்குகிறவர்கள் முதல் வாரத்தை ஓட்டுவதில் செலவிடாமல், அருகிலுள்ள குளத்தில் உட்கார்ந்து இடுப்பு, முழங்கால், பாதம் மூன்றும் எங்கே முட்ட வேண்டுமோ அங்கே முட்டுகிறதா என்று பார்த்து ஒட்டிக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய்ப் பஞ்சும் பசையும் போதும்.

உடன் வந்தவர்கள் இருவர்; ஒருவர் பெங்களூரு, மற்றவர் கொச்சி. வாட்ஸ்அப் குழு ஒன்றில் பழக்கம், நேரில் சந்தித்தது அன்று காலை ஏழு மணிக்கு ஒரு தேநீர்க் கடையில். இருவரும் என்னைவிடத் திறமையானவர்கள், நல்லவர்களும்கூட. அவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மூவரும் ஒருவரை ஒருவர் ஓட்டிப் பார்த்ததில்லை. சைகைகளைப் பேசி முடிவு செய்யவில்லை. துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் வரலாம், கிடையாகப் பிடித்தால் நில், விசில் மூன்று முறை என்றால் ஆபத்து என்பவை பரவலான வழக்கம்தான். ஆனால் கரையில் நிற்பவர் துடுப்பால் ஒரு பக்கத்தைக் காட்டினால் அது 'இந்தப் பக்கம் வா' என்பதா, 'இந்தப் பக்கம் ஆபத்து' என்பதா? போக வேண்டிய பக்கத்தை மட்டுமே காட்ட வேண்டும், ஆபத்தைக் காட்டவே கூடாது என்பது ரிஷிகேஷில் சொல்லிக் கொடுத்த பாடம். நாங்கள் அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள இரண்டு நிமிடம் செலவிடவில்லை. தேநீருக்கும் பொறோட்டாவுக்கும் நாற்பது நிமிடம் செலவிட்டோம்.

படகைத் தோளில் தூக்கிக்கொண்டு ரப்பர் தோட்டத்து வழியாக ஏறியபோது, கமுகு மரத்தடியில் நின்றிருந்த ஒரு முதியவர் எங்களை நிறுத்தினார். ரப்பர் வெட்டுபவர், மழைக்காலம் என்பதால் வேலை இல்லாமல் இருந்தார். மேலே மலையில் விடியற்காலையிலிருந்து மழை நிற்கவில்லை, மதியத்துக்குள் மலவெள்ளம், அதாவது மலையிலிருந்து இறங்கும் திடீர் வெள்ளம், வரும் என்று மலையாளத்தில் சொன்னார். நாங்கள் நின்ற இடத்தில் தூறல்தான். பாலத்துத் தூணில் ஈரத்தின் கோட்டைப் பார்த்த கொச்சி நண்பர், நேற்றைய அளவைவிட ஒரு சாண்தான் கூடுதல் என்றார். நான் முதியவரிடம் "சரி சேட்டா, சீக்கிரம் முடிச்சிடுவோம்" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொல்லிச் சிரித்தேன். பம்பு வடிவமைப்பவனுக்கு அங்கேயே மணி அடித்திருக்க வேண்டும். பாலத்தடியில் ஆறு முப்பது மீட்டர் அகலம். அங்கே ஒரு சாண் உயர்ந்த தண்ணீர், மேலே இரண்டு மீட்டர் அகலப் பாறைப் பிளவுக்குள் புகும்போது ஒரு சாணாகவா இருக்கும்? அளவுகோல் எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமல் அளவை மட்டும் பார்ப்பது எங்கள் தொழிலில் முதலாண்டுப் பயிற்சியாளர்கள் செய்யும் தவறு.

முதல் எண்ணூறு மீட்டர் அருமையாக இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. ஒவ்வொரு படியும் ஒரு ஆள் உயரம் அல்லது அதற்கும் குறைவு. காட்டாற்றில் முக்கியமான ஒன்று எடி எனப்படும் ஒதுங்குமிடம்: பாறைக்குப் பின்னால் நீர் மேல்நோக்கித் திரும்பிவரும் அமைதித் துண்டு. படகை அதற்குள் செருகி நிறுத்தினால் மூச்சு வாங்கலாம், இறங்கிப் போய் அடுத்த படியைப் பார்க்கலாம். கங்கையில் ஓர் எடி கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும். இங்கே ஒரு ஆட்டோ நிற்குமளவுதான். மூன்று படகு ஒன்றாக நிற்க இடமில்லை என்பதால், முன்னவர் கிளம்பினால்தான் பின்னவருக்கு இடம் கிடைக்கும். இதனால் யாரும் யாரையும் பார்க்காமல் ஓடத் தொடங்கினோம். நான் கடைசி. மூவர் போகும்போது திறமை குறைந்தவர் நடுவில் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்த விதிதான். கடைசியாகப் போகிறவருக்கு என்ன ஆனாலும் முன்னால் போனவர்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேலே வர முடியாது. த்ரோ பேக் எனும் கயிற்றுப் பை மூன்று இருந்தன, ஆனால் கரையில் கயிற்றோடு நிற்க யாரையும் நாங்கள் நிறுத்தவில்லை.

ஒன்றே முக்கால் மணிக்குப் பிளவுக்கு மேலுள்ள எடியை அடைந்தபோது தண்ணீர் தேநீர் நிறமாகியிருந்தது. காலையில் அது அடிப்பாறை தெரியும் பச்சை. காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. ஆற்றின் அடியில் கற்கள் உருளும் சத்தம், தூரத்துச் சரக்கு ரயில்போல, படகின் பிளாஸ்டிக் வழியாகத் தொடையில் உணர முடிந்தது. நிறம், சருகு, கல்லின் சத்தம் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலே கரையேற வேண்டும். இப்படிப்பட்ட ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி சிறியது, செங்குத்தானது. மேலே கொட்டும் மழை ஒரு மணி நேரத்துக்குள் கீழே வந்துவிடும். இரண்டாண்டுகள் கழித்து, 2024 ஜூலை 30 அன்று, வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் நிலச்சரிவு அடித்துச் சென்ற செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கற்களின் சத்தம்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பேரழிவு இறங்கிய புன்னப்புழையும் இதே சாலியாற்றில்தான் சேர்கிறது. அன்று எனக்கு அவ்வளவு தெரியாது. எனக்குத் தெரிந்தது, அந்த எடியிலிருந்து படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமானால் வலது கரைச் சரிவில் அரை மணி நேரம் ஏற வேண்டும், நண்பர்கள் இருவரும் ஏற்கெனவே போய்விட்டார்கள் என்பதுதான். நண்பர்கள் போய்விட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக நான் கிளம்பினேன்.

பிளவுக்குள் விழும் படி ஏறக்குறைய மூன்று மீட்டர். இப்படிப்பட்ட இடத்தில் விளிம்பில் கடைசித் துடுப்புத் தள்ளலை வலுவாகப் போட்டு, மூக்கைத் தூக்கி, அடியில் திரும்பச் சுருளும் நீரைத் தாண்டிப் படகைத் தட்டையாக இறக்க வேண்டும். பூஃப் என்பார்கள், படகின் வயிறு தண்ணீரில் அறையும் சத்தத்தால் வந்த பெயர். நான் அந்தத் தள்ளலைப் போட்டபோது துடுப்பின் அலகு தண்ணீரில் இறங்கவில்லை, இடது பாறையில் இடித்தது. படகு மூக்கு கீழாக விழுந்தது. அடியிலிருந்த சுருள்நீர் படகைப் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்தது. கவிழாமல் இருக்க வலது துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கி ஊன்றினேன். முழங்கை தோளுக்கு மேலே, கை உடம்புக்குப் பின்னால்: தோள்மூட்டு கழலுவதற்கு இதைவிடப் பொருத்தமான நிலையை மருத்துவரே வைத்துக் கொடுக்க முடியாது. கோழிக்கால் மூட்டைப் பிரிக்கும்போது வருமே ஒரு சத்தம், அது தண்ணீருக்கடியிலும் கேட்டது. கைகள் எப்போதும் மார்புக்கு முன்னால், முழங்கைகள் தாழ்வாக, பின்னால் எட்ட வேண்டுமானால் கையை நீட்டாமல் இடுப்பிலிருந்து முழு உடம்பையும் திருப்ப வேண்டும் என்று பயிற்சியாளர் எத்தனை முறை கத்தியிருப்பார். கவிழ்ந்தால் கவிழட்டும் என்று விட்டிருந்தால் தோள் பிழைத்திருக்கும்.

கவிழ்ந்தேன். ஒற்றைக் கையால் ரோல் செய்ய எனக்கு வராது. இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடியிருக்கும் ஸ்பிரே ஸ்கர்ட் எனும் உறையின் முன்பட்டையை இடது கையால் தேடி இழுத்தேன். அந்தப் பட்டை வெளியே தெரியும்படி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பார்க்கும் ஒரு பழக்கம் மட்டும் அன்று என்னைக் கைவிடவில்லை. அது உள்ளே மடிந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. வெளியே வந்ததும் சுருள்நீர் என்னை இரண்டு முறை உள்ளே இழுத்து உருட்டியது. மூன்றாம் முறை வெளியே துப்பியது. என் முயற்சியால் அல்ல. அதன் பிறகு மல்லாந்து, கால்களை முன்னால் நீட்டி, மேலே தூக்கி வைத்துக்கொண்டு போனேன். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் நீரின் வேகம் உடம்பை முன்னால் சாய்த்து முகத்தை அமுக்கிவிடும், முழங்கால் ஆழமே அதற்குப் போதும். வலது பக்கம் ஒரு சாய்ந்த மரத்தின் கிளைகள் தண்ணீரைச் சல்லடைபோல வடித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் அதன் ஊடே போய்விடும், ஆள் போக முடியாது. இரண்டு கையும் இருந்தால் குப்புறத் திரும்பி, வேகமாக நீந்தி, அதன் மேல் ஏறித் தாண்ட முயல வேண்டும். எனக்கு ஒரு கைதான் இருந்தது. வலது கையை லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டைக்குள் செருகிக்கொண்டு, இடது கையால் பைத்தியம்போல இடப்பக்கம் நீந்தினேன். ஒரு வேர் பிடிபட்டது.

கரையில் ஏறியதும் விசிலை மூன்று மூன்றாக ஊதினேன். பதில் இல்லை. விசில் லைஃப் ஜாக்கெட்டில் கட்டியிருந்தது நல்லதாயிற்று. ஆனால் கைபேசியும் முதலுதவிப் பையும் படகில் இருந்தன. படகில் இருப்பது உங்களுடையது அல்ல, உடம்பில் கட்டியிருப்பது மட்டுமே உங்களுடையது என்பதை அங்கே கற்றேன். இப்போது ஒரு சிறிய பொத்தான் கைபேசி, நீர்புகாப் பையில், ஜாக்கெட்டின் உள்பையில்தான் இருக்கும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அங்கே இருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்து, அதன் மேல் கையைத் தாங்கிக் கொண்டால் வலி பாதியாகிறது என்று கண்டுபிடித்தேன். அழுதேன். அம்மாவிடம் கொச்சியில் அலுவலகக் கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டு வந்தது நினைவுக்கு வந்து இன்னும் அழுதேன். நான் எங்கே போகிறேன், எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் யாரைத் தேட வேண்டும் என்று கரையிலிருக்கும் ஒருவருக்காவது உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த நேரத்தில் நம்பிக்கை என்று ஒன்று இருந்திருக்கும். நண்பர்கள் கீழே என் படகு தனியாக வருவதைப் பார்த்துவிட்டு வலது கரை வழியாக மேலே தேடினார்கள், நான் இடது கரையில் இருந்தேன். ஆற்றின் இரைச்சலில் விசில் ஐம்பது மீட்டர்கூடப் போகவில்லை.

கடைசியில் வந்தது அந்த ரப்பர் வெட்டும் முதியவர். வெள்ளம் ஏறுவதைப் பார்த்ததும் எங்களைத் தேடித் தானாகவே கிளம்பியிருக்கிறார். என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒற்றைக்காணோ மோனே?" என்பதுதான்; தனியாகவா மகனே என்று பொருள். திட்டவில்லை. வேட்டிக்கு மேல் கட்டியிருந்த தோர்த்து எனும் துண்டை அவிழ்த்து என் கையைக் கழுத்தோடு கட்டினார், அட்டைகளுக்கு உப்பு வைத்தார், முன்னால் வாக்கத்தியால் வழி வெட்டிக்கொண்டு நடந்தார். தோட்டத்து வீட்டில் ஒருவர் கையைப் பிடித்து இழுத்துச் சேர்த்துவிடுகிறேன் என்று முன்வந்தபோது அவரே தடுத்தார். அது சரியான முடிவு. எலும்பு முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்தால் நரம்பும் இரத்தக் குழாயும் சேதமாகலாம். அதே சமயம் தாமதமும் தவறு. நேரம் ஆக ஆகத் தசைகள் இறுகி, மூட்டைத் திரும்பச் சேர்ப்பது கடினமாகும். எனக்கு மருத்துவமனை சேர மாலை ஆறரை ஆகிவிட்டது, மயக்க மருந்து கொடுத்துத்தான் சேர்த்தார்கள். அங்கிருந்த இளம் மருத்துவர் முதலில் என் தோளின் வெளிப்புறத்தைப் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். உள்ளங்கை அளவு இடத்தில் மரத்திருந்தது, நரம்பு நசுங்கியிருந்ததன் அடையாளம். அது தெளிய இரண்டு மாதம் ஆயிற்று. உடம்பெல்லாம் சிராய்ப்பு, மழைக்கால ஆற்றுநீர் என்பதால் எலிக்காய்ச்சல் வராமல் இருக்கவும் மாத்திரை கொடுத்தார். இதை நான் நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. மழையில் ஆற்றில் இறங்குகிறவர்கள் போவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கோவையில் எம்ஆர்ஐ எடுத்தபோது மூட்டுக் குழியின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பு வளையம் கிழிந்திருந்தது தெரிந்தது. தண்ணீருக்கு மீண்டும் போகும் எண்ணம் இருந்தால் அறுவை சிகிச்சை நல்லது, இல்லாவிட்டால் மறுபடி கழலும் வாய்ப்பு அதிகம் என்றார்கள். துளைவழி அறுவைக்கு 1,85,000 ரூபாய், எம்ஆர்ஐ 7,500, முதல் மருத்துவமனை 6,800, அறுபது நாள் இயன்முறை சிகிச்சை 30,000. படகு 70,000, துடுப்பு 14,000, கைபேசி 18,000, வாடகைக் கார் 2,500. மொத்தம் 3,33,800 ரூபாய். ஏழு வாரம் சம்பளமில்லா விடுப்பு தனி. படகு மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது, நடுவில் மடிந்து விரிசல் விட்டு. அதை அங்கேயே ஒருவர் மாட்டுத் தொட்டியாக்கிக் கொண்டார்.

இதைவிட என்னை அலைக்கழித்தது காப்பீடு. சாகச விளையாட்டில் ஏற்பட்ட காயத்துக்குப் பணம் இல்லை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். நானும் முதலில் அது நியாயம்தான் என்று விட்டுவிடவிருந்தேன். பாலிசி ஆவணத்தை முழுக்கப் படித்த அலுவலகத் தோழி ஒருவர்தான் கண்டுபிடித்தார்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்குகளில் ஒன்பதாவது, ஆபத்தான அல்லது சாகச விளையாட்டுகளில் 'தொழில்முறையாளராக'ப் பங்கேற்றதால் நேர்ந்த சிகிச்சைச் செலவைத்தான் விலக்குகிறது. பொழுதுபோக்குக்காகப் படகு விடும் சம்பளக்காரன் அதில் வரமாட்டான். இந்த ஒரு சொல்லைச் சுட்டி நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதினேன். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, மறுப்பு வந்த ஓராண்டுக்குள் எழுத வேண்டும். விசாரணை நாள் குறிப்பதற்கு முன்பே நிறுவனம் இறங்கிவந்து 1,71,400 ரூபாய் கொடுத்தது. இயன்முறை சிகிச்சையில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. மருத்துவமனையில் எப்படிக் காயம்பட்டது என்று கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள், கூடவே பொழுதுபோக்காகச் செய்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். என் அறிக்கையில் 'சாகச விளையாட்டு விபத்து' என்று மட்டும் இருந்ததால்தான் எட்டு மாதம் இழுத்தது.

2023 மார்ச்சில் முதியவருக்கு ஒரு புதுத் தோர்த்தும், அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கும் எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை அம்மாவிடம் உண்மையைச் சொல்லித்தான் கிளம்பினேன். பிளவு வரைக்கும் அவரே கூட்டிப் போனார். கோடையில் அந்த ஆறு கணுக்கால் ஆழம்; பையன்கள் இருவர் மீன் தேடிக்கொண்டிருந்தார்கள். காட்டாறு ஓட்டப் போகிறவர்கள் வெயில்காலத்தில் ஒரு முறை அதன் வெற்றுப் படுகையில் நடந்து பார்த்துவிட வேண்டும் என்று இப்போது சொல்வேன், மழையில் தண்ணீர் மறைத்து வைக்கும் அத்தனையும் அங்கே விரிந்து கிடக்கும். வலது பாறையின் அடி உட்குடைந்து, ஒரு ஆள் படுக்கும் அளவுக்குக் குகையாக இருந்தது. அதற்குள் ஒரு பலாமரத்துண்டு குறுக்கே சிக்கியிருந்தது. படிக்கு நேர் மேலே பிளவு மிகவும் குறுகுகிற இடத்தில், கொண்டுபோயிருந்த அளவு நாடாவைப் பிடிக்கச் சொல்லி அவரிடம் ஒரு முனையைக் கொடுத்தேன். 172 சென்டிமீட்டர். என் துடுப்பின் நீளம் 197. படகின் நீளம் 265. கிளம்பிய விநாடியில் அது சற்றுக் குறுக்கே திரும்பியிருந்தால் இரண்டு பாறைக்கும் நடுவே தாழ்ப்பாள்போல மாட்டியிருக்கும், நான் உள்ளேயே இருந்திருப்பேன். நான் எண்ணைச் சொன்னதும் முதியவர் நாடாவை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துப் பிளவுக்கு நடுவில் நின்று பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் பாறையில் பதிந்தன. அதன் பிறகு ஒன்றும் பேசாமல் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, மீன் தேடிய பையன்களைக் கூப்பிட்டார்.